வீட்டுக்கு ஓர் அட்டை

காலர் அக்கா என்றால் அந்தத் தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் அரசாங்கக் காகிதங்களில் தூங்கிக்கொண்டிருந்தது. சட்டைக் கம்பெனியில் வேலை பார்த்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் நிலைத்தது. அங்கே ஒரு சட்டையை ஓர் ஆளே முழுதாகத் தைக்கிற பேச்சே கிடையாது. ஒருத்தி கை வைப்பாள், ஒருத்தி பாக்கெட் வைப்பாள், ஒருத்தி பொத்தானுக்குக் காஜா எடுப்பாள். இவள் பங்குக்கு வந்தது காலர். உள்ளே விறைப்புத் துணி வைத்து, முனையைக் குச்சியால் தள்ளித் திருப்பி, இரண்டு பக்கமும் இம்மி பிசகாமல் தைத்துத் தள்ளிவிட வேண்டும். தள்ளிய கையோடு அடுத்தது வந்து நிற்கும்.

"முழுச் சட்டையை நீ கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் பார்த்திருப்பே" என்று லாரி ஓட்டும் அவள் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

"நீங்க மட்டும் என்ன, ஏத்திட்டுப் போற சரக்கைப் பார்த்திருக்கீங்களா? தார்ப்பாயைத்தானே பார்த்திருக்கீங்க" என்று இவள் திருப்பிக் கொடுப்பாள். இரண்டு பேருமே வாயில் சளைக்காதவர்கள்.

அந்த வாய் ஒருமுறை அடைத்துப்போனது. நாற்பதை நெருங்குகிற வயதில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது விரல்கள் மடங்கவில்லை. வீங்கிச் சிவந்து, ஒவ்வொரு கணுவும் நெருப்பாகக் கொதித்தது. தலைமுடியை முடிந்துகொள்ள முடியவில்லை. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. ஜாக்கெட் கொக்கியை வீட்டுக்காரர் மாட்டிவிட வேண்டியிருந்தது. கம்பெனி கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தது. பிறகு ஒரு மாலை, போட்டோவும் கைதட்டலும்கூட இல்லாமல், "உடம்பைப் பார்த்துக்கோங்கம்மா" என்று அனுப்பிவிட்டது. பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அவள் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்க உடம்பே உங்க மூட்டை எதிரின்னு நினைச்சு அடிக்குது. அதை அடக்க ஒரு மாத்திரை தரேன். சாப்பாட்டுக்கு அப்புறம் தினமும். ஒரு நாளும் விடக் கூடாது. உடனே கேக்காது, பொறுமை வேணும்."

பொறுமை என்பது காலர் அக்காவுக்கு ஒத்துவராத பண்டம். ஆனாலும் பொறுத்தாள். மாதங்கள் போயின. ஒரு நாள் யதேச்சையாக ஊசியில் நூல் கோர்த்தாள். கோர்த்துவிட்டுத்தான் தான் செய்தது என்ன என்று உறைத்தது. அப்படியே உட்கார்ந்து அழுதாள். அடுத்த வாரமே தரைத்தளத்து முன்னறையில், தெருவைப் பார்த்த ஜன்னலோரம், ஒரு பழைய மிதி மெஷினை வாங்கிப் போட்டுவிட்டாள். கிழிசல் தைப்பது, பேண்டு நீளம் குறைப்பது, தலையணை உறை, திரைச்சீலை என்று தெருவின் வேலையெல்லாம் அந்த ஜன்னல் வழியாகவே வந்து அந்த ஜன்னல் வழியாகவே திரும்பிப் போனது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடக்க அவளுக்கு இருந்தது அந்த விரல்கள்தாம். விரல்களுக்கு இருந்தது அந்த மாத்திரைதான்.

அந்த மாத்திரையை அந்தப் பக்கத்தில் வேறு யாரும் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. தெருமுனை மருந்துக்கடையில் அவளுக்காகவே பெட்டிகளை வரவழைத்து அலமாரியின் மேல் தட்டில் வைத்திருப்பார்கள். அவள் போனால் கடைக்காரத் தம்பி பெட்டியில் படிந்த தூசியை ஊதிவிட்டு, "அக்கா, நீங்க ஊருக்குப் போயிட்டா இதுக்கு ஆளே இல்லை" என்று சிரித்தபடி ஓர் அட்டையை எடுத்துத் தருவான். முடிய முடிய அடுத்த அட்டை. சேர்த்து வாங்கி வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. தூசி படிகிற மாத்திரையை யார் கொள்ளையடிக்கப்போகிறார்கள்?

இப்படி இருக்கும்போதுதான் அந்த நோய் வந்தது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. எங்கேயோ இருந்தது, டிவியில் வந்தது, அதற்குள் தெருவின் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டது. கடைகளில் சோப்புத் தீர்ந்தது. பருப்பும் மாவும் மூட்டை மூட்டையாக வீடுகளுக்குள் போயின. எதிர்வீட்டு டீச்சர் காய்கறிகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணி காயப்போடுகிற கொடியில் பையோடு தொங்கவிட்டார். மாடிவீட்டுக்காரர் செய்தித்தாளை இஸ்திரி போட்டுவிட்டுப் படித்தார். யாராவது தும்மினால் தெருவே ஜன்னலைச் சாத்தியது. பயம் தப்பில்லை. பயப்படாதவர்தான் பைத்தியக்காரர். பயத்தோடு கூடவே ஒரு மேதாவித்தனமும் சேர்ந்து வந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

மேதாவிகளுக்குத் தலைவர் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். பெரிய அலுவலகத்தில் ஆட்களை ஏவி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஏவ ஆளில்லாமல் தவித்துக்கொண்டிருந்தவருக்கு இந்த நோய் ஒரு பதவி உயர்வு மாதிரி ஆகிவிட்டது. கழுத்தில் ஒரு விசில். கையில் ஒரு மைக். 'முன்னேற்பாட்டுக் குழு' என்று ஒன்றை அமைத்து, அதற்குத் தானே தலைவராகி, சாயங்காலம் சாயங்காலம் தெருவில் நடந்தபடி அறிவிப்புக் கொடுத்தார். நாங்கள் தயார், நம் தெரு தயார் என்பதுதான் எல்லா அறிவிப்பின் சாரமும். எதற்குத் தயார் என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் அவர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, ஒரு கட்டு வெள்ளைத் துணியைக் குச்சியால் உள்ளே தள்ளினார்.

"அம்மா, கடையில மாஸ்க் கிடைக்கலை. கிடைச்சாலும் நம்ம தெரு முழுக்கப் போதாது. நீங்க தைச்சுக் குடுக்கணும். இது ஒரு பொதுச் சேவை."

காலர் அக்காவுக்கு மனசு குளிர்ந்துபோனது. கிழிசல் தைக்கிறவளிடம் ஒரு தெருவே வந்து உயிரைக் காப்பாற்றிக் கொடு என்று கேட்கிறது!

"அதுக்கென்ன சார், தைச்சுக் குடுத்துட்டாப் போச்சு. கூலி கீலின்னு பேசாதீங்க. எலாஸ்டிக் மட்டும் நல்லதா வாங்கிக் குடுங்க."

அவர் வாங்கிக் கொடுத்த எலாஸ்டிக் நல்லதாக இல்லை. அதைச் சொல்லியும் பார்த்தாள். "ஆபத்து நேரத்துல நொட்டை சொல்லக் கூடாதும்மா" என்றார். சரி என்று மெஷினில் உட்கார்ந்தாள். வண்டிகள் ஓடக் கூடாது என்று தடை வந்ததால் வீட்டுக்காரரும் வீட்டோடு கிடந்தார். அவர் வெட்ட, இவள் மடிப்பு வைத்துத் தைத்தாள். மூக்கில் உட்காருகிற மேல் விளிம்புக்கு மட்டும் காலர் மாதிரி உள்ளே விறைப்புத் துணி வைத்தாள். யாரும் கேட்கவில்லை. கைப்பழக்கம், விடவில்லை.

"மூக்குக்கும் காலரா?" என்றார் வீட்டுக்காரர்.

"இருந்துட்டுப் போகட்டும். எல்லாரும் ஒரு தடவையாவது என் காலரைப் போட்டுப் பார்க்கட்டும்."

பாதி தைத்திருந்தபோது மாத்திரை அட்டை தீரப்போவதைப் பார்த்தாள். மெஷினை நிறுத்திவிட்டு, தானே தைத்த மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். கடை முன்னால் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு வெளியே நின்று, "தம்பி, என் மாத்திரை" என்றாள்.

கடைக்காரத் தம்பி மேல் தட்டைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையும் பார்க்கவில்லை. கல்லாவைத் துடைப்பது போல் துடைத்துக்கொண்டே, "தீர்ந்துபோச்சுக்கா" என்றான்.

"தீர்ந்துபோச்சா? விளையாடாதே. அதை என்னைத் தவிர யாருடா வாங்குவா?"

"ஃபோன்ல வீடியோ வந்துச்சே, பார்க்கலையா? வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தரு பேசுறாரு. இந்த நோய் அண்டாம இருக்க அந்த மாத்திரைதானாம். எல்லாரும் வந்து கேட்டாங்க. இருந்த பெட்டியெல்லாம் போயிடுச்சு."

"டாக்டர் சீட்டு கேட்டியா?"

அவன் கல்லாவை இன்னும் அழுத்தித் துடைத்தான்.

"என்கிட்ட மட்டும் இத்தனை வருஷமா, சீட்டு எங்கே, சீட்டு புதுசா எழுதி வாங்கிட்டு வாங்கன்னு உயிரை எடுப்பியே! அவங்ககிட்ட கேட்டியா?"

"கூட்டமா வந்தாங்கக்கா. அவசரத்துல ஒண்ணும் தோணலை. மருந்துக் கம்பெனிக்கு எழுதிப் போட்டிருக்கேன், வந்ததும் முதல் அட்டை உங்களுக்குத்தான்."

"எப்ப வரும்?"

"யாருக்குத் தெரியும்? எல்லா ஊர்லயும் இதே கூத்துதான்."

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் தனக்குத் தெரிந்த ஓட்டுநர்களுக்கெல்லாம் ஃபோன் போட்டார். அவர்கள் தங்கள் ஊர் மருந்துக்கடைகளில் விசாரித்துச் சொன்ன பதிலும் அதேதான். பெரியாஸ்பத்திரிக்குப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருமுறை யாரோ எடுத்து, "மூட்டு வலிக்கெல்லாம் இப்ப வராதீங்கம்மா" என்று வைத்துவிட்டார்கள். மூட்டு வலியாம்! இருந்தாலும், மிச்சமிருந்த மாத்திரைகளை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டு, மாஸ்க் தைப்பதை மட்டும் அவள் நிறுத்தவில்லை. தெரு நம்பிக் கொடுத்த வேலை. காலையில் விரல்கள் மடங்க மறுக்கத் தொடங்கின. வெந்நீரில் கையை ஊறவைத்துவிட்டு உட்கார்ந்து தைத்து முடித்தாள்.

தைத்ததை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக் கார் கொட்டகைக்குப் போனாள். அங்கே திருவிழாக் களை. காரை வெளியே விட்டு, உள்ளே நீள மேஜைகளைச் சேர்த்துப்போட்டு, வீட்டுக்கு ஒரு துணிப்பை என்று அடுக்கி வைத்திருந்தார்கள். டீச்சரும் இன்னும் இரண்டு பேரும் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு பைக்குள்ளும் சாமான் போட்டார்கள். ஒரு சோப்பு. ஒரு பாட்டில் கைகழுவும் மருந்து. ஒரு காய்ச்சல் பார்க்கும் குழாய். இவள் தைத்த மாஸ்க்குக்காக இடம் விட்டு, அதன் பக்கத்தில் ஓர் அட்டை மாத்திரை.

அந்த அட்டையின் நிறத்தை அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். பச்சைக் கோடு போட்ட வெள்ளித்தாள். மேஜை முழுக்கப் பச்சைக் கோடு. மருந்துக்கடையின் மேல் தட்டு மொத்தமும் அங்கே வந்து பரந்து கிடந்தது.

"இது... என்னோட மாத்திரை" என்றாள்.

செயலாளர் பெருமையாகச் சிரித்தார். "கேள்விப்பட்டேன்மா, நீங்களும் இதைத்தான் சாப்பிடறீங்களாமே! பாருங்க, நமக்கு முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கடை முன்னாடி ஒரே கூட்டம். இருந்த மொத்தத்தையும் நானே ஒரே நடையில தூக்கிட்டு வந்துட்டேன். வேற தெருக்காரன் வர்றதுக்குள்ள."

"சார், நான் இதை ஆசைக்குச் சாப்பிடலை. இது இல்லாட்டி என் விரல் மடங்காது. ஒரு நாளும் விடக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. இங்க இருக்கிறவங்களுக்கு ஒரு நோவும் இல்லை. என்னோடதை எனக்குக் குடுத்துடுங்க."

"உங்களுக்கு இல்லாமலா? இதோ, உங்க வீட்டுக்கும் ஒரு பை இருக்கு பாருங்க. தரைத்தளத்துல குடியிருக்கிறவங்களை எப்பவும் விட்டுடறாங்கன்னு பேச்சு வரக் கூடாதுன்னு நானே எடுத்து வெச்சேன்."

"ஒரு அட்டை எத்தனை நாளைக்கு வரும் சார்?"

"வீட்டுக்கு ஒண்ணு. எல்லாருக்கும் சமம். உங்களுக்கு மட்டும் கூடக் குடுத்தா நாளைக்கு மத்தவங்க என்னைக் கேள்வி கேப்பாங்க. சங்கத்துல பாரபட்சம் கிடையாதும்மா. அதுதான் என் கொள்கை."

காலர் அக்காவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நோவு மட்டும் எனக்குத் தனி, மருந்து மட்டும் ஊருக்குப் பொதுவா? நொண்டியோட ஊன்றுகோலைப் பிடுங்கித் துண்டு துண்டா அறுத்து, வீட்டுக்கு ஒரு துண்டு குடுத்துட்டு, நொண்டிக்கும் ஒரு துண்டு குடுத்தோமேன்னு சொல்ற மாதிரி இருக்கு சார் உங்க நியாயம்!"

பைக்குள் சாமான் போட்ட கைகள் நின்றன. அப்போது யாராவது ஓர் அட்டையை எடுத்து நீட்டியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். டீச்சர் கையுறையைச் சரிசெய்துகொண்டார். இன்னொருவர் சோப்பு எண்ண ஆரம்பித்தார். செயலாளர் விசிலைத் தடவியபடி, "கோபப்படாதீங்க. எல்லாருக்கும் பயம் இருக்குல்ல? தேவைப்பட்டா இருக்கட்டும்னுதான்" என்றார்.

அவள் மாஸ்க்குகளை மேஜையில் கொட்டினாள். தன் வீட்டுப் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டாள். ரோஷப்பட்டு அதை விட்டுவிட்டு வர அவளுக்கு வசதியில்லை. வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள். அதில் பாதியை அச்சில் ஏற்ற முடியாது.

அந்த அட்டையும் தீர்ந்தது. வீட்டுக்காரர் சொன்னார்: "மத்தவங்க உள்ளூர நல்லவங்கதான். தனித்தனியா வீட்டுல போய்க் கேட்டுப் பாரு. கூட்டத்துல குடுக்க வெக்கப்பட்டிருப்பாங்க."

எதிர்வீட்டு டீச்சரில் தொடங்கினாள். அந்த வீட்டுத் திரைச்சீலை, சோபா உறை, டீச்சரின் பேத்தி சட்டை எல்லாம் இவள் கை பட்டதுதான். கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். டீச்சர் படியில் நின்றுகொண்டு, "ஐயோ, கை இப்படி வீங்கியிருக்கே! உனக்கு என்ன வேணும்னாலும் கேளு. அரிசி இருக்கு, எண்ணெய் இருக்கு, கூச்சப்படாதே" என்றார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது.

"அரிசி இருக்கு டீச்சர். அந்த மாத்திரை அட்டை மட்டும் குடுங்க."

டீச்சரின் முகம் மாறியது. "அதுதான்... எங்க வீட்டுலயும் வயசானவங்க இருக்கோம். நாளைக்கே ஒண்ணு ஆச்சுன்னா? தேவைப்பட்டா இருக்கட்டும்னு வெச்சிருக்கேன். அரிசி எடுத்துட்டு வரட்டுமா?"

மாடிவீட்டுக்காரர் பாதி அட்டையை ஏற்கெனவே விழுங்கியிருந்தார். அதனால் வயிறு புரட்டி, புரட்டியதை அந்த நோய்தான் என்று நினைத்து, ஆம்புலன்ஸ் வரை கூப்பிட்டு, தெருவே ஒரு நாள் முழுக்கப் பேயறைந்த மாதிரி கிடந்தது தனிக்கதை. மிச்சப் பாதியைக் கேட்டதற்கு அவர், "இல்லம்மா, உடம்பு பழகிக்கும்னு சொல்றாங்க" என்றார். இன்னொரு வீட்டில் கதவே திறக்கவில்லை. உள்ளேயிருந்து, "நாங்க யாரையும் பார்க்கிறதில்லை" என்று குரல் மட்டும் வந்தது. அவர்கள் வீட்டுப் பேண்டு இரண்டு இன்னும் இவள் அலமாரியில்தான் இருந்தது.

கொடுமை என்னவென்றால், ஒருவர்கூடக் கெட்டவர் இல்லை. திருடனாக இருந்தால் போலீசில் சொல்லலாம். இவர்கள் எல்லாரும் பரிவோடு பேசினார்கள், உச்சுக் கொட்டினார்கள், கவனமாக இரு என்று புத்தி சொன்னார்கள். அவள் விரல்களை மட்டும் தங்கள் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

வாரங்கள் ஆக ஆகப் பழைய நாட்கள் திரும்பி வந்தன. முதலில் காலை நேரம் போனது, பிறகு முழுநாளும் போனது. ஊசியில் நூல் கோர்க்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். பிறகு அடிநூல் பாபின் மாட்டக் கூப்பிட்டாள். கடைசியில் மெஷினுக்கு உறை போட்டு மூடினாள். லாரியை மலை வளைவுகளில் ஒற்றைக் கையால் திருப்புகிற மனிதர், ஒரு நாள் அவளுக்காக மெஷினில் உட்கார்ந்து பார்த்தார். தையல் கோடு இடதும் வலதுமாக அலைந்து துணியை விட்டே வெளியே போனது.

"ஏங்க, ரோடு அந்தப் பக்கம் போகுது, நீங்க பள்ளத்துல இறங்கறீங்க."

"பிரேக் எங்கே இருக்குன்னு தெரியலைடி."

அன்று இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மெஷினை மறுபடி மூடச் சொல்லி, அவள் தன் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான், முகத்தை மூடாமல் வெளியே காலெடுத்து வைத்தால் அபராதம் என்று உத்தரவு வந்தது. தெருக்காரர்கள் பைகளைத் திறந்து மாஸ்க்கை எடுத்தார்கள். துணி அப்படியே இருந்தது, மேல் விளிம்பு காலராக நின்றது. செயலாளர் வாங்கிய எலாஸ்டிக்தான் நான்கு துவைப்புக்குள் செத்துப்போய், மாஸ்க் மூக்கிலிருந்து தாடைக்கும் தாடையிலிருந்து கழுத்துக்கும் இறங்கியது. பால் வாங்கப் போனவர்கள் ஒரு கையால் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டே போனார்கள். கடைகளில் மாஸ்க் இன்னும் வரவில்லை. தெருவுக்கு மறுபடியும் காலர் அக்காவின் ஞாபகம் வந்தது.

செயலாளர் இந்த முறை பெரிய கட்டாகத் துணி கொண்டுவந்தார். "எலாஸ்டிக் வேண்டாம்மா, நாடா வெச்சுத் தைச்சுடுங்க. கொஞ்சம் சீக்கிரம். போலீஸ்காரங்க தெருமுனையில நிக்கறாங்க."

அவள் அவரை உட்காரச் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. "துணியை வெச்சுட்டுப் போங்க சார். நாளைக்குச் சாயங்காலம் உங்க கொட்டகைக்கே கொண்டுவரேன். எல்லாரையும் வரச் சொல்லுங்க" என்றாள்.

"நாளைக்கேவா! உங்களை மாதிரி ஆளுங்க இருக்கிற வரைக்கும் நம்ம தெருவுக்கு என்ன குறை?" அவர் மைக்கில் அறிவித்துக்கொண்டே போனார்.

வீட்டுக்காரர் அவளை விநோதமாகப் பார்த்தார். "கரண்டியே பிடிக்க முடியலை. எப்படித் தைப்பே?"

"நீங்க வெட்டுங்க. எப்படின்னு நான் சொல்றேன்."

மறுநாள் சாயங்காலம் தெருவே கொட்டகையின் முன்னால் தள்ளித்தள்ளி நின்றது. வீட்டுக்காரர் மூட்டையைச் சுமந்து வந்து மேஜையில் வைத்துப் பிரித்தார். உள்ளே வீட்டுக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பொட்டலங்கள். செயலாளர் முதல் பொட்டலத்தை ஆவலோடு பிரித்தார். அதில் ஒரு சதுரத் துணி இருந்தது. வெட்டியது வெட்டியபடி. கூடவே ஒரு துண்டு நாடா. அவ்வளவுதான். அடுத்ததைப் பிரித்தார். அதிலும் அதேதான்.

"என்னம்மா இது? தைக்கலையா?"

"பிரிச்சுட்டேன் சார். வீட்டுக்கு ஒரு துண்டு, வீட்டுக்கு ஒரு நாடா. எல்லாருக்கும் சமம். யாருக்கும் பாரபட்சம் பண்ணலை."

"விளையாடற நேரமா இது? இந்தத் துண்டை வெச்சு நாங்க என்ன பண்றது?"

"வெச்சிருங்க" என்றாள் காலர் அக்கா. "தேவைப்பட்டா இருக்கட்டும்."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார். செயலாளருக்கு முகம் சிவந்தது. "இது அநியாயம்மா. நாலு பேர் உயிர் விஷயம்..."

"உயிர் விஷயம்னு இப்பத் தெரியுதா? இதைப் பாருங்க!" இரண்டு கைகளையும் மேஜைமேல் தூக்கி வைத்தாள். வீங்கி, கோணி, ஒன்றோடொன்று சேர மறுத்த விரல்கள். "இந்தக் கைதான் சார் உங்க மூக்கை மூடுச்சு. இதுக்கு எண்ணெய் ஊத்தற புட்டியைப் பிடுங்கி ஆளுக்கு ஒரு சொட்டுன்னு பிரிச்சுக்கிட்டீங்க. ஊத்திக்கிட்டீங்களா? அதுவும் இல்லை. பூட்டி வெச்சிருக்கீங்க. நான் ஒவ்வொரு வாசலா வந்து நின்னேன். அரிசி வேணுமான்னு கேட்டீங்க. நான் பிச்சை எடுக்க வரலை. என் கையைக் கேட்டு வந்தேன்!"

அழக் கூடாது என்று வந்தவள் அழுதாள். அழுதுகொண்டே முறைத்தாள். வீட்டுக்காரர் அவள் தோளைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

இருட்டுவதற்குள் ஜன்னல் கம்பிக்குள் ஒரு கை நீண்டு, ஓர் அட்டையை மெஷின் உறைமேல் வைத்துவிட்டுப் போனது. டீச்சரின் கை. அடுத்த நாள் காலையில் இன்னும் சில கைகள். சிலர் பேசாமல் வைத்தார்கள். சிலர், "நாங்க அன்னைக்கே குடுக்கணும்னு நினைச்சோம்" என்று கூசாமல் சொன்னார்கள். சில அட்டைகள் முழுசாக இருந்தன. சிலவற்றில் பாதி குழிகள் காலி. ஒரு நோவும் இல்லாத வாய்கள் தின்று தீர்த்த குழிகள். மருந்துக்கடைக்காரத் தம்பியும் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "சீட்டு எங்கேடா?" என்று அவனை மட்டும் கேட்டுவிட்டாள்.

கடைசியாகச் செயலாளர் வந்தார். விசில் இல்லை. அவர் கொண்டுவந்த அட்டை முழுசாக இருந்தது. அதை வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"நடந்தது நடந்துபோச்சும்மா. இப்ப மாத்திரை வந்துடுச்சு. எப்பலேருந்து தைக்க ஆரம்பிப்பீங்க?"

காலர் அக்கா அவரையே பார்த்தாள். இந்த மனிதருக்குப் புரியவைக்கத் தன்னால் ஆகாது என்று முதல்முறையாகத் தோன்றியது.

"போன தடவை விரல் திரும்பி வர மாசக்கணக்குல ஆச்சு சார். இந்தத் தடவை வருமான்னே தெரியாது."

"அதுவரைக்கும் நாங்க...?"

"அதுவரைக்கும் கையால பிடிச்சுக்கோங்க. உங்க கை நல்லாத்தானே இருக்கு."

அவர் போன பிறகு வீட்டுக்காரர் சாப்பாடு போட்டார். கரண்டியில் ஊட்டிவிட்டார். சாப்பிட்டு முடித்ததும் அவள் தானே எடுத்துக்கொள்கிறேன் என்று ஓர் அட்டையை மடியில் வைத்து, பச்சைக் கோடு போட்ட வெள்ளித்தாளின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். தாள் கிழியவில்லை. இன்னொரு விரலையும் சேர்த்து அழுத்தினாள். அட்டை வழுக்கித் தரையில் விழுந்தது.

ஜன்னலுக்கு வெளியே யாரோ மாஸ்க்கைத் தாடையோடு பிடித்துக்கொண்டு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் குனிந்து அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி அவள் வாயில் போட்டு, தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.